ஐம்பத்து மூன்றாம் குழாய்

ஜூன் 5, திங்கள்

எண்பது குழாய்களையும் அளந்து முடித்தாயிற்று. நாற்பது பேர் அல்சைமர் நோயாளிகள், நாற்பது பேர் நல்ல நினைவோடு நடமாடுகிறவர்கள். எந்தக் குழாய் யாருடைய ரத்தம் என்று இதுவரை எனக்கும் தெரியாது, குழாய்களைக் கையாண்ட பர்ஹானாவுக்கும் தெரியாது. எண் மட்டும்தான். பட்டியல் புள்ளியியல் துறை ஆரோக்கியதாஸின் இரும்பு பீரோவில் கிடந்தது. இன்று அவர் பாதியை மட்டும் திறந்தார். எந்த எண் நோயாளி, எந்த எண் நலமானவர் என்பது வெளியே வந்தது. பெயர்கள் இன்னும் பீரோவில்தான். சாவியை அரைஞாணில் கட்டியிருக்கிறார் என்று துறையில் ஒரு கேலி உண்டு. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

நாங்கள் துரத்துவது டாவ் என்ற புரதத்தை. மூளைச் செல்லுக்குள் சரக்குப் போகும் பாதையைத் தாங்கிப் பிடித்திருப்பது அது. தேவைக்கு மேல் பாஸ்பேட் ஒட்டிக்கொண்டால் கழன்றுவிடும், பாதை குலையும். கழன்றதில் கொஞ்சம் ரத்தத்திலும் வரும். அதைத்தான் அளக்கிறோம். ஒருமுறை இதை வீட்டில் விளக்கியபோது இவர், "ஸ்லீப்பர் கட்டைன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றார். இவர் என்றால் தியாகேசன், என் கணவர். கூட்ஸ் வண்டியில் முப்பத்திரண்டு வருஷம் கார்டு. அன்றிலிருந்து வகுப்பிலும் நான் ஸ்லீப்பர் கட்டை என்றுதான் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது.

வரைபடம் நன்றாகப் பிரிந்து வந்திருக்கிறது. நோயாளிகள் மேலே, நலமானவர்கள் கீழே. ஒன்றைத் தவிர. நலமானவர் பட்டியலில் இருக்கும் 53ஆம் எண் நோயாளிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது.

வாஷிங் மெஷின் வடிகட்டியில் மறுபடி காகிதக் கூழ். சட்டைப்பையில் துண்டுச்சீட்டை வைத்துவிட்டு அப்படியே துவைக்கப் போட்டுவிடுகிறார். வெள்ளைச் சட்டை நாலும் போச்சு. திட்டினேன். சிரித்துக்கொண்டே நின்றார்.

ஜூன் 8, வியாழன்

53ஐ மட்டும் மூன்று முறை திரும்ப அளந்தோம். மூன்று முறையும் அதே இடம்.

பர்ஹானா நாலாம் வருஷ ஆய்வு மாணவி. கை சுத்தமானவள்தான். ஆனால் குழாய்களில் பிரித்து ஊற்றிய வாரத்தில் அவள் அக்காவுக்குக் கல்யாணம். மனசு பந்தலில் இருந்திருக்கும், இரண்டு குழாய் இடம் மாறியிருக்கும் என்று சொன்னேன். "இல்ல மேம், கல்யாணம் அதுக்கு அடுத்த மாசம்" என்றாள். அடுத்த மாசக் கல்யாணத்துக்கு இந்த மாசமே மனசு போகாதா?

ஜூன் 11, ஞாயிறு

சந்தைக்குப் போன இவர் இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். பையில் கத்தரிக்காய், அதன்மேல் இன்னொரு பொட்டலம் கத்தரிக்காய். மீன் இல்லை. பழைய ஆட்களைப் பார்த்துப் பேசிக்கொண்டு நின்றுவிட்டாராம். யாரை என்று கேட்டேன்.

"நம்ம ஆளுங்கதான்."

"பேரு இல்லாத ஆளுங்களா?"

"விடு மங்கை. கத்தரிக்கா பிஞ்சா இருக்கு பாரு" என்றார். பிஞ்சாகத்தான் இருந்தது.

தினசரி காலண்டரில் இரண்டு தாள் சேர்ந்து கிழிந்திருக்கிறது, திங்கட்கிழமை காட்டுகிறது. அந்தத் தாள்களே மெல்லிசு.

சாயங்காலம் கரண்ட் போயிற்று. பொழுது போகாமல், இங்கிருந்து காரைக்குடி வரை ஸ்டேஷன் பெயர் சொல்லுங்கள் என்றேன். குமாரமங்கலம், கீரனூர், வெள்ளனூர், புதுக்கோட்டை என்று ஒன்று விடாமல் சொன்னார். எந்த ஸ்டேஷனில் கிராஸிங்குக்காக எவ்வளவு நேரம் நிறுத்திப்போடுவார்கள் என்பது வரை சொன்னார். இப்படி ஒரு நினைவாற்றல் எனக்கே கிடையாது. இதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 14, புதன்

ஒவ்வொருவர் ரத்தத்திலும் ஒரு மாற்றுக் குழாய் தனியே உறைநிலையில் வைத்திருப்போம். அதை ரத்தம் எடுக்கும் இடத்திலேயே நர்ஸ் பிரித்துவிடுவார், பர்ஹானா கை படாதது. 53இன் மாற்றுக் குழாயை இன்று எடுத்து அளந்தோம். அதே அளவு, கிட்டத்தட்ட புள்ளி பிசகாமல்.

ஆகவே தவறு எங்கள் மேஜையில் நடக்கவில்லை. இதை அப்படியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். நான், "அப்ப லேபிள் ஒட்டுனதுல தப்பு, அதுவும் நீதானே ஒட்டின?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். பர்ஹானா லேபிள் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்து வைத்தாள். விளக்கம் எழுதிக் கொடு என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்துவிட்டேன்.

இதழுக்குக் கட்டுரை ஜூலை 10க்குள் போக வேண்டும். அவளுடைய ஆய்வேட்டின் பாதி இந்தக் கட்டுரைதான்.

ஜூன் 15, வியாழன்

பர்ஹானா வரவில்லை. காய்ச்சலாம்.

ஜூன் 20, செவ்வாய்

'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக ஒரு மாதிரி நீக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதி ஆரோக்கியதாஸிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் வம்பு வருகிறது என்று அர்த்தம்.

"என்ன கோளாறுன்னு சொல்லுங்க மேம், நீக்கிடறேன்."

"திரும்ப நாலு தடவ அளந்துட்டோம்."

"நாலு தடவையும் ஒரே மாதிரி வந்தா அது கோளாறு இல்லையே. ரத்தம் சரியா இருக்குன்னா ஆளப் பாக்கணும். நலமானவர்னு நாம சேத்த ஆளு நலமானவர்தானா?"

நாற்பது பேருக்கும் சேர்க்கும் முன்பே நினைவுத் தேர்வு வைத்திருக்கிறோம், முப்பதுக்கு இருபத்தாறுக்குக் கீழே யாரும் இல்லை என்றேன்.

"ஆமா. 53 முப்பதுக்கு முப்பது. நாப்பது பேர்ல முழு மார்க்கு அவர் ஒருத்தர்தான். அதுதான் எனக்கு இடிக்குது" என்றார்.

பீரோவைத் திறந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவைக்கிறேன் என்றார். பார்த்துக்கொள்ளட்டும்.

வீட்டில் பால் பாத்திரம் கருகிவிட்டது. இந்த மாதத்தில் மூன்றாவது. அடுப்பை மூட்டிவிட்டு பேப்பர் படிக்கப் போய்விட்டார். ரிடையரான ஆம்பளைக்கு அடுப்பில் கவனம் எங்கிருந்து வரும்?

ஜூன் 25, ஞாயிறு

துவைக்கும் முன் பைகளைத் துழாவி எடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். மூன்று சட்டையில் பதினோரு சீட்டு. கார்டு வேலையில் வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று நிமிஷக் கணக்கோடு எழுதியாக வேண்டும். அந்தக் கை சும்மா இருக்காது. இத்தனை நாளும் நான் ஒரு சீட்டைக்கூடப் பிரித்துப் படித்ததில்லை. இன்று படித்தேன்.

'8.10 பிரஷர் மாத்திரை போட்டாயிற்று.'

'மங்கை வர 6.30.'

'எதிர்வீட்டு அம்மா பெயர் ஸ்டெல்லா. மகன் துபாய்.'

'மெடிக்கல் தாண்டி இடது கை. பச்சை கேட்.'

ஸ்டெல்லா எதிர்வீட்டுக்குக் குடிவந்து பதினாறு வருஷம் ஆகிறது. பச்சை கேட் எங்கள் கேட்.

சீட்டுகளை அடுக்கி இவர் மேஜைமேல் வைத்தேன். வெள்ளைத் துணிகளைத் தனியாக ஊறவைத்தேன்.

ஜூன் 28, புதன்

ஆரோக்கியதாஸ் 53இன் தேர்வுத் தாளை நகல் எடுத்துக்கொண்டு வந்தார். பெயர் இருந்த இடத்தில் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"இந்தக் கடிகாரத்தப் பாருங்க மேம்."

தேர்வில் ஒரு கடிகாரம் வரையச் சொல்வோம். பதினொன்று பத்து காட்ட வேண்டும். அறுபதைத் தாண்டியவர் கை வரையும் வட்டம் எப்படியும் கொஞ்சம் நெளியும். இது நெளியவில்லை.

"காம்பஸ் வச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்றார்.

காம்பஸ் இல்லை. வளையல். என் வளையல்.

போன நவம்பரில் முப்பத்தொன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள், நாற்பதாவது ஆள் கிடைக்கவில்லை. அறுபது வயதுக்கு மேல், சர்க்கரை இல்லாமல், ஊசிக்குச் சம்மதித்து ஒருவர் வேண்டும். இவரையே கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம் எடுத்தாயிற்று. தேர்வுத் தாளை பர்ஹானாவிடம் கொடுக்காமல் வீட்டுக்கு எடுத்துவந்தேன். இவர் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். "இதெல்லாம் என்னக் கேக்கப் போறியா?" என்றார். "உங்கள எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு நானே முப்பதும் போட்டேன். இன்றைய தேதி, மாதம், ஊர், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தல், எல்லாம் நானே. கடிகாரத்துக்கு வளையலைக் கழற்றி வைத்து வட்டம் போட்டேன். ஒப்புதல் படிவத்தை மட்டும் இவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, நின்றபடியே படித்துக் கையெழுத்துப் போட்டார்.

மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் பர்ஹானா எதிரே உட்கார்ந்து, ஆளுக்கு அரை மணி நேரம் எடுத்து, விதிப்படி தேர்வு வைத்தாள். குடும்பத்தாரே தேர்வு வைக்கக் கூடாது என்ற விதியை எழுதியதே நான்.

"யாருன்னு தெரியுதா மேம்?" என்று ஆரோக்கியதாஸ் கேட்டார்.

"நீங்க பேர் சொல்லக் கூடாது இல்லையா?" என்றேன்.

"நான் சொல்லல" என்றார். என் கையைப் பார்த்தார். பிறகு தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. முதலில் வெட்கம்தான் வந்தது என்பதையும் எழுதிவைக்கிறேன். பயம் பஸ்ஸில் வரும்போது வந்தது.

ஜூன் 29, வியாழன்

பர்ஹானாவை அழைத்து, தவறு என்னுடையது, அவளுடைய விளக்கக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன் என்றேன். யார் என்பதையும் சொன்னேன். எல்லார் முன்னாலும் ஏசியதை எல்லார் முன்னாலும் திரும்பப் பெறுவதாகச் சொல்லி, அதையும் செய்தேன்.

"பரவால்ல மேம்" என்றாள்.

பரவாயில்லை என்று விடக்கூடிய விஷயம் இல்லை அது.

அவளே பிறகு அறைக்கு வந்தாள். "சாருக்குத் தேர்வு நான் வந்து வைக்கவா மேம்? வீட்டுலயே வைக்கலாம். ஞாயித்துக்கிழமை வரேன்" என்றாள். சரி என்றேன்.

ஜூலை 2, ஞாயிறு

பர்ஹானா பத்து மணிக்கு வந்தாள். அவள் வருமுன் தினசரி காலண்டரைச் சுவரிலிருந்து எடுத்து பீரோவுக்குள் வைத்தேன். செய்தித்தாளையும் எடுத்துவிட்டேன். இவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். "எங்க மேடத்தோட ஆபீசர் வந்துட்டாங்க, நான் பாஸாகணும்" என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

குடும்பத்தார் அறையில் இருக்கக் கூடாது. நான் அடுப்படியில் நின்றேன். எங்கள் வீட்டில் கூடத்தில் பேசுவது அடுப்படியில் அப்படியே கேட்கும்.

"சார், நான் மூணு வார்த்தை சொல்றேன். திரும்பச் சொல்லுங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கேப்பேன். எலுமிச்சை, சாவி, குடை."

"எலுமிச்சை, சாவி, குடை" என்றார். டக்கென்று சொன்னார்.

பிறகு தேதி. ஜூலை என்றார், பத்தாம் தேதி என்றார். கிழமைக்கு, "மங்கை வீட்ல இருக்கா, அப்ப ஞாயித்துக்கெழம" என்றார். பர்ஹானா சிரிக்கவில்லை. நன்றாகப் பழகியிருக்கிறாள். கழித்தல் எண்பத்தாறு வரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. கடிகாரம் வரையும்போது பென்சில் உரசும் சத்தம் கேட்டது, அழிக்கும் சத்தம், மறுபடி பென்சில்.

வந்த பிள்ளைக்கு என்று எலுமிச்சை ஜூஸ் பிழிந்து இரண்டு டம்ளரில் ஊற்றி, தட்டில் தயாராக வைத்திருந்தேன். தட்டை எடுத்து இரண்டடி நடந்த பிறகுதான் உறைத்தது. ஜூஸைப் பார்த்தால் எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். தட்டை மேடையில் திரும்ப வைத்தேன்.

"சார், நான் முதல்ல சொன்ன மூணு வார்த்தை என்ன?"

"ஒரு நிமிஷம்மா" என்றார். பிறகு, "ஸ்டேஷன் பேரா?" என்றார்.

"இல்ல சார். மூணு பொருள்."

"சாவி" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "சாவி ஒண்ணு. அப்புறம்..."

நான் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முன்னால் பிழிந்த எலுமிச்சை மூடிகள் நாலு கிடந்தன. ஆணியில் குடை தொங்கிக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் இவர் கேட்டு நான் எடுத்துக்கொடுக்காத பொருள் கிடையாது. வாயைத் திறக்கவில்லை.

முப்பதுக்கு இருபத்தொன்று. பர்ஹானா மதிப்பெண்ணைச் சத்தமாகச் சொல்லவில்லை. அடுப்படிக்கு வந்து தாளைக் காட்டினாள். "ஜூஸ் குடிச்சிட்டுப் போ" என்றேன். நின்றபடி முழுவதையும் குடித்தாள்.

அவள் போன பிறகு இவர் அடுப்படிக்கு வந்தார்.

"எவ்வளவு?"

"சொல்லக் கூடாது. ஒப்புதல் படிவத்துல முடிவு எனக்குத் தெரிய வேண்டாம்னு டிக் போட்டிருக்கீங்க."

"நானா? எப்ப?"

"நவம்பர்ல. இங்கயே நின்னுக்கிட்டுத்தான் போட்டீங்க."

அந்த இடத்தைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். "ஞாபகம் இல்ல" என்றார். "சரி, அது அப்ப. இப்ப கேக்கறேன், சொல்லு."

ஆய்வில் சேர்ந்தவர் எப்போது வேண்டுமானாலும் மனம் மாற்றிக்கொள்ளலாம். அதுவும் நான் எழுதிய விதிதான். சொன்னேன். அளவு, மதிப்பெண், இரண்டும் சேர்ந்தால் என்ன அர்த்தம், எல்லாம் சொன்னேன். வகுப்பில் சொல்வது போலவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"ஸ்லீப்பர் கட்டையா?"

"ஆமா."

"வண்டி இன்னும் ஓடுதில்ல?"

"ஓடுது."

"அப்ப காஷன் ஆர்டர் எழுதிக் குடு" என்றார். பாதை சரியில்லாத இடத்தில் மெதுவாகப் போகச் சொல்லி ஸ்டேஷன் மாஸ்டர் டிரைவருக்கும் கார்டுக்கும் எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. "நான் மறந்துட்டுத் திரும்பத் திரும்ப வந்து கேப்பேன். ஒவ்வொரு தடவையும் நீ சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா? எழுதிக் குடுத்துரு, பாத்துக்கறேன்."

மளிகைச் சீட்டின் பின்பக்கம் எழுதினேன். 'உங்களுக்கு நினைவு நோய், ஆரம்ப நிலை. டாக்டர் வியாழன் 10.30. சந்தைக்குத் தனியாகப் போக வேண்டாம். பால் அடுப்பில் இருந்தால் பக்கத்திலேயே நிற்கவும். மங்கை.' படித்துப் பார்த்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மதியம் எலுமிச்சை சாதம்.

ஜூலை 4, செவ்வாய்

கட்டுரையில் அந்த வரியை எடுத்துவிட்டு வேறு எழுதினேன். ஒருவருக்குச் சேர்க்கைத் தேர்வு முறையாக நடத்தப்படவில்லை, தவறு முதன்மை ஆய்வாளருடையது, மறுதேர்வுக்குப் பின் அவர் நலமானவர் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டார், அவருடைய அளவு தனியே தரப்பட்டுள்ளது. வரைபடத்தில் 53க்குத் தனியாக ஒரு புள்ளி, வெற்றுப் புள்ளி. பர்ஹானா பெயர் முதலில். ஆரோக்கியதாஸ் படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைக்காமலே கையெழுத்துப் போட்டார்.

ஜூலை 6, வியாழன்

டாக்டர் ஸ்கேன் பார்த்தார், இவரோடு அரை மணி நேரம் பேசினார். நான் நினைத்ததையேதான் சொன்னார். மாத்திரை ஆரம்பம். திரும்பும் வழியில் காபி குடித்தோம். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று இவரே ஆட்டோக்காரரிடம் சொன்னார், மெடிக்கல் தாண்டி இடது கை என்று. சரியாகவே சொன்னார்.

ஜூலை 7, வெள்ளி

மாவு அரைத்தேன். வேறு விசேஷம் இல்லை.

ஜூலை 8, சனி

கட்டுரை போயிற்று. பர்ஹானா இனிப்பு கொண்டுவந்தாள்.

ஜூலை 9, ஞாயிறு

துவைக்கும் முன் பைகளைத் துழாவினேன். காஷன் ஆர்டர் இருந்தது. மடிப்புகள் நைந்துவிட்டன, நிறைய தடவை பிரித்துப் படித்திருக்கிறார். நான் எழுதியதற்குக் கீழே இவர் கையெழுத்து. பொடி எழுத்து, நிமிஷக் கணக்கோடு, வண்டிக் குறிப்பு எழுதுகிற அதே முறையில்:

'6.7. மாலை 5.20. மங்கையிடம் கேட்டேன். சொன்னாள்.'

'7.7. காலை 8.05. மறுபடி கேட்டேன். சொன்னாள். கிரைண்டர் பக்கம் திரும்பி நின்று அழுதாள். இனி அவளிடம் கேட்க வேண்டாம். இந்தச் சீட்டைப் பார்.'

இந்த நோட்டில் வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மாவு அரைத்தேன், வேறு விசேஷம் இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

சட்டையைத் துவைத்துக் காயப்போட்டு, மதியம் இஸ்திரி போட்டேன். சீட்டைப் பழையபடி நாலாக மடித்து, அதே பையில் வைத்தேன். இவர் குறித்ததுதான் சரி. மணி 8.05தான்.